வானத்தை விற்ற ரயில் நிலையம்

உங்கள் பாட்டனார் கட்டிய வீடு ஒன்று இருக்கிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். தேக்குத் தூணும் முற்றமுமாகப் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் மராமத்துச் செலவு கையைக் கடிக்கிறது. இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பினால் வாடகை கொட்டும். அந்தச் சமயம் பார்த்துச் சர்க்கார் மனிதர் ஒருவர் வந்து, "அம்மா, இது ஊருக்கே பெருமையான வீடு. இடிக்கக் கூடாது" என்கிறார். "பெருமை ஊருக்கு, செலவு மட்டும் எனக்கா?" என்று கேட்க மாட்டீர்களா?

நியூயார்க் நகரத்தில் ஒரு ரயில்வே கம்பெனி இதே கேள்வியைத்தான் கேட்டது. அமெரிக்காவின் ஸுப்ரீம் கோர்ட்டு வரை போய்க் கேட்டது!

முதலில் ஒரு சோகக் கதை. அந்த ஊரில் பென்ஸில்வேனியா ஸ்டேஷன் என்று ஒன்று இருந்தது. பழைய ரோமாபுரி மண்டபங்களின் பாணியில் கட்டி 1910-ல் திறந்தார்கள். 1963-ல் அதன்மேல் கடப்பாறை விழுந்தது. தடுக்கச் சட்டம் இல்லை. தூண்கள் சரிந்த பிறகுதான் ஊருக்கு உறைத்தது. 1965-ல் சட்டம் பிறந்தது. முப்பது வருஷமாவது ஆன ஒரு கட்டடத்தை, மேயர் நியமிக்கும் கமிஷன் நகரத்தின் சின்னம் என்று அறிவித்துவிட்டால், சொந்தக்காரரே ஆனாலும் அதன் அனுமதியின்றி இடிக்க முடியாது. வெளித்தோற்றத்தை மாற்றவும் முடியாது.

அதே ஊரில் 1913-ல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் நிலையம் 1967-ல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. மறு வருஷமே அதன் தலைக்கு மேல் ஐம்பத்தைந்து அடுக்குக் கட்டடம் எழுப்பத் திட்டம் வந்தது. கமிஷன் மறுத்தது. சொந்தக்காரரான பென் சென்ட்ரல் கம்பெனி, "எங்கள் சொத்தை நஷ்ட ஈடு கொடுக்காமல் பறிப்பதற்கு இது சமானம்" என்று வழக்குப் போட்டது. 1975-ல் கீழ்க் கோர்ட்டில் கம்பெனியே ஜெயித்தது!

அப்போது களத்தில் இறங்கினார் ஒரு பெண்மணி. ஜனாதிபதி கென்னடியின் மனைவியாக இருந்த ஸ்ரீமதி ஜாக்குலின்தான் அவர். அப்பீலைக் கைவிடக் கூடாதென்று மேயர் ஏப்ரஹாம் பீமுக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகைக்காரர்களைக் கூட்டிப் பேசினார். நகரசபை அப்பீல் செய்தது. 1978 ஏப்ரலில், வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த சமயம், ஆதரவாளர்களுடன் ரயிலேறி வாஷிங்டனுக்கே போனார்.

ஜூன் 26-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் நகரத்தின் பக்கம். "ஸ்டேஷனை ஸ்டேஷனாக நடத்த யாரும் தடை சொல்லவில்லையே; நியாயமான வருமானமும் வரலாமே" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இன்னொன்றும் சொன்னார்கள். மேலே கட்ட முடியாத உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக் கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதாவது, தலைக்கு மேல் காலியாக இருக்கும் வானத்தை அண்டை வீட்டுக்காரருக்கு விற்றுவிடலாம். வாங்கியவர் தம் மனையில் அத்தனை அடி கூடுதலாகக் கட்டிக் கொள்வார்!

மற்ற மூவரும் ஒப்பவில்லை. ஊரார் எல்லோரும் அனுபவிக்கும் அழகுக்கு ஒரு சில சொந்தக்காரர் மட்டும் விலை கொடுப்பதா என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்த வானத்துக்குக் கிராக்கி வராமல் போகவில்லை. 2017-ல் நகரம் விதிகளைத் தளர்த்தி, இன்னும் தூரத்து மனைகளுக்கும் விற்க வழி செய்தது. பார்க் அவென்யூவில் எழுந்த ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் புதிய தலைமையகம், கிராண்ட் சென்ட்ரலின் வானத்தில் ஒரு பகுதியை வாங்கித்தான் அவ்வளவு உயர்ந்தது.

1998-ல் ஸ்டேஷனைப் புதுப்பித்து முடித்தார்கள். கூரையில் நட்சத்திர மண்டலம் வரைந்திருக்கிறது. அழுக்கையெல்லாம் துடைத்தவர்கள், ஓரமாக ஒரு சிறு கறுப்புத் திட்டை மட்டும் விட்டு வைத்தார்கள். முன்பு எப்படி இருந்தது என்று எல்லோரும் பார்க்கட்டுமே என்றுதான்!

"இடிக்காதே" என்று மட்டும் சட்டம் சொன்னால் வீட்டுக்காரிக்குக் கோபம் வரும். "இடிக்காதே அம்மா, உன் நஷ்டத்துக்கு இதோ ஒரு வழி" என்றும் சேர்த்துச் சொன்னால், பாட்டனார் வீட்டு முற்றத்தில் இன்னும் கொஞ்ச காலம் கோலம் விழும், இல்லையா?