ஈரக்காற்றில் சுழலும் தட்டு

திருப்பதி மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில், ஒருபுறம் உப்பலமடுகு அருவி இறங்கும் குன்றுகளும் மறுபுறம் சற்றுத் தொலைவில் பழவேற்காடு ஏரியின் உவர்நீர்ப் பரப்புமாக உள்ள நிலத்தில் அமைந்த வரதய்யபாளையம், 2022 ஏப்ரல் மாதம் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஒரு மண்டலத் தலைமையூராகும். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லையூரிலும், திருமண வீடியோக்கள், குழந்தைகளின் படங்கள், பட்டாதார் பாஸ்புத்தகத்தின் ஸ்கேன் நகல்கள், மறைந்த பெரியவர்களின் குரல்பதிவுகள் என வீட்டில் சேரும் கணினிக் கோப்புகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகிவருவதால், அவற்றையெல்லாம் ஓரிடத்தில் வைத்துக் காக்கும் வீட்டுச் சேமிப்பகம் ஆடம்பரப் பொருள் என்ற நிலையிலிருந்து தேவைப் பொருளாகிவருகிறது. சந்தையில் ‘நாஸ்’ என்று அழைக்கப்படும் இச்சேமிப்பகம், வீட்டின் வைஃபையோடு இணைந்து, எல்லாக் கைப்பேசிகளுக்கும் கணினிகளுக்கும் பொதுவான பரணாக இரவும் பகலும் இயங்கும் ஒரு சிறு கணினியே ஆகும். அதன் உயிர்நிலை உள்ளிருக்கும் வன்தட்டுகள், அதாவது கடைவழக்கில் ஹார்ட் டிஸ்க்குகள். அவற்றைத் தெரிவு செய்யும்போது எந்த நிறுவனத்தின் தட்டு சிறந்தது என்ற கேள்வியே முதலில் எழுகிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழையும் புயலும் மின்தடையும் வாழ்க்கையின் பகுதியாகிவிட்ட இக்கடலோர வட்டாரத்தில், தட்டு எத்தகைய காற்றிலும் எத்தகைய மின்சாரத்திலும் சுழலப்போகிறது என்ற கேள்வி அதற்கு முன்பே எழுப்பப்பட வேண்டியதாகும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்ட முதல் வன்தட்டு அமைப்பில், 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் சேர்ந்து, இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றின் அளவுக்கு, ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்கின. அளவு சுருங்கிக் கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு பெருகிவிட்ட போதிலும் அடிப்படை இயக்கம் அன்றும் இன்றும் ஒன்றே: அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத்தின்மேல் பூசப்பட்ட மெல்லிய காந்தப் படலம் இன்று பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அதன்மேல் ஒரு கை முன்னும் பின்னும் அசைந்து, நுனியிலுள்ள முனையால் காந்தத் திசைகளை எழுதவும் படிக்கவும் செய்கிறது. தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால், அந்த முனை தட்டுக்கு மேலே மிதக்கும் உயரம் ஒருசில நானோமீட்டரே. தட்டின் சுழற்சி இழுத்துவரும் காற்றே முனையைத் தாங்கிநிற்பதால், மின்சாரம் திடீரென நின்றுவிட்டால் முனை தட்டில் விழுந்து உராயும் ஆபத்து உண்டு. இதைத் தவிர்க்க, மின்சாரம் போன நொடியிலேயே, இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தானே ஒரு சிறு மின்னாக்கியாக மாறி, அந்த மின்சாரத்தைக் கொண்டே கையை ஓரத்துச் சரிவுமேடைக்கு இழுத்து நிறுத்திவிடும் ஏற்பாட்டைப் பொறியாளர்கள் உள்ளே அமைத்துள்ளனர். வியக்கத்தக்க ஏற்பாடுதான், எனினும் நாள்தோறும் பலமுறை அதை நம்பியிருப்பது தட்டின் ஆயுளுக்கு நல்லதன்று.

நம்பகத்தன்மையைக் குறிக்கும் எண்கள் விற்பனைத் தாள்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றின் பொருளை உணர்ந்து படிப்பவர் குறைவு. பல தட்டுகளின் விவரத் தாளில், பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலம் 10 லட்சம் மணி நேரம் என்றிருக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்று கொண்டால் இது 114 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் ஒரு தட்டு நூற்றாண்டு காலம் உழைக்கும் என்று இதற்குப் பொருளில்லை. ஆயிரம் தட்டுகளை ஓராண்டு ஓடவிட்டால் அவற்றில் ஏறத்தாழ ஒன்பது பழுதாகும் என்பதே இதன் பொருள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நடைமுறையில் தட்டுகள் மாற்றப்படும் விகிதம் ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை இருப்பது இயல்பு என்றும், சில இடங்களில் அது 13 விழுக்காட்டை எட்டியது என்றும் காட்டியது. லட்சக்கணக்கான தட்டுகளை இயக்கித் தன் பழுதுக் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பொதுவில் வெளியிட்டுவரும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அண்மைக்கால ஆண்டு விகிதங்கள் 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் அமைகின்றன. அக்கணக்கு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு: ஒரே நிறுவனத்தின் ஒரு மாடல் பல்லாண்டு உழைக்க, அதே நிறுவனத்தின் இன்னொரு மாடல் இரண்டு மூன்று ஆண்டுகளில் கூட்டமாகப் பழுதாகலாம். சீகேட் நிறுவனத்தின் 3 டெராபைட் மாடல் ஒன்று அவ்வாறு பெயர் கெட்டதுண்டு. அதே நிறுவனத்தின் பிற மாடல்கள் அக்கணக்கிலேயே நன்றாக உழைத்துள்ளன. வன்தட்டு செய்வோர் இன்று உலகில் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூவரே எஞ்சியிருப்பதால், பெயரைக் கொண்டு தெரிவு செய்வதில் பயன் மிகக் குறைவு. மாடல் எண்ணைக் கொண்டு தெரிவு செய்வதே முறை.

வரதய்யபாளையம் போன்ற ஊருக்கு மிகவும் பொருந்துவது ஈரப்பதம் பற்றிய அறிவாகும். வெப்பமே வன்தட்டின் முதல் பகை என்ற பரவலான நம்பிக்கையை, கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரை பெரிதும் தளர்த்தியது. மிதமான வெப்பநிலைகளில் வெப்பத்துக்கும் பழுதுக்கும் வலுவான தொடர்பு காணப்படவில்லை, மிக உயர்ந்த வெப்பத்தில் இயங்கிய பழைய தட்டுகளிலேயே அது தெளிவாகத் தெரிந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினரும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தினரும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, ஒன்பது தரவு மையங்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளைக் கணக்கிலெடுத்து, வெப்பத்தைக் காட்டிலும் காற்றின் ஒப்பு ஈரப்பதமே பழுதுகளில் மேலோங்கிய காரணி என்று கண்டது. ஈரம் மிகுந்த இடங்களில் கெட்டுப்போனவை பெரும்பாலும் தட்டின் காந்தப் படலமோ முனையோ அல்ல. வெளிப்புறத்து மின்சுற்றுப் பலகையும் இணைப்புகளுமே அரிப்புக்கு இரையாயின.

ஒப்பு ஈரப்பதம் என்பது, குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் உள்ளது என்பதன் அளவாகும். காற்று சூடாகச் சூடாக அதன் கொள்திறன் பெருகுவதால், நீராவி அதே அளவில் இருந்தாலும் ஒப்பு ஈரப்பதம் இறங்கிவிடுகிறது. ஐப்பசி மழைநாளில் 25 டிகிரி செல்சியஸில் 90 விழுக்காடு ஈரப்பதமுடைய காற்று, ஒரு பெட்டிக்குள் 35 டிகிரிக்குச் சூடாகுமானால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்குக் குறைந்துவிடும். சர்வரின் பின்பகுதியில், பிற பாகங்களைக் கடந்து சூடேறிவரும் காற்றில் வைக்கப்பட்ட தட்டுகள், ஈரமான ஊர்களில் முன்பகுதித் தட்டுகளைவிட நன்றாகத் தாங்கின என்று அதே ஆய்வு கூறுவதன் காரணமும் இதுவே. ஆகவே மழைக்காலத்தில் சேமிப்பகத்தை இரவுதோறும் அணைத்துக் குளிரவிடுவதைவிட, இடைவிடாது இயங்கவிட்டு 35 முதல் 45 டிகிரி வரையிலான இளஞ்சூட்டில் உலர்வாக வைத்திருப்பதே இக்கடலோரத்துக்கு ஏற்றது எனலாம். குளிரூட்டிய அறையில் வைத்து, பிறகு குளிரூட்டியை நிறுத்திச் சன்னலைத் திறப்பது இவை எல்லாவற்றிலும் தீயது. குளிர்ந்த செம்பின் புறத்தே நீர் முத்துமுத்தாக அரும்புவதைப் போலவே குளிர்ந்த மின்சுற்றுப் பலகையின்மேலும் ஈரம் அரும்பும். தட்டுகளின் விவரத் தாளில் 95 விழுக்காடு ஈரப்பதம் வரை இயங்கும் என்று எழுதியிருந்தாலும், நீர் அரும்பாத நிலையில் என்ற நிபந்தனையும் அருகிலேயே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

இங்கே ஹீலியம் தட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணத் தட்டின் உறையில், உட்புற அழுத்தமும் வெளியழுத்தமும் சமநிலை பெறுவதற்காக வடிகட்டியோடு கூடிய ஒரு சிறு சுவாசத்துளை இருக்கும். அதன்வழி ஊரின் ஈரக்காற்றும் மெல்ல உள்ளே செல்லும். 2013-இல் எச்.ஜி.எஸ்.டி. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வகையில், காற்றுக்குப் பதிலாக அதன் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்கே உடைய ஹீலியம் நிரப்பப்பட்டு, உறை முற்றாக அடைக்கப்படுகிறது. உராய்வு குறைவதால் மின்செலவும் சூடும் குறைகின்றன. வெளியீரம் தட்டை அணுகுவதில்லை. மின்சுற்றுப் பலகை மட்டும் வெளியிலேயே இருப்பதால் அதற்குரிய கவனம் குறையக் கூடாது. ஹீலியம் பெரும்பாலும் பெரிய கொள்ளளவுத் தட்டுகளிலேயே கிடைக்கிறது என்பதால், நான்கு சிறு தட்டுகளுக்குப் பதில் இரண்டு பெரிய ஹீலியம் தட்டுகளை வாங்குவது இவ்வட்டாரத்துக்குப் பொருத்தமான தெரிவாகும்.

அடுத்ததாக அறிய வேண்டியது எழுதும் முறை. தடங்களை ஒன்றுக்கொன்று தொடாமல் அருகருகே எழுதுவது சி.எம்.ஆர். எனப்படும் வழக்கமான முறை. வீட்டுக்கூரையில் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்குமாறு அடுக்குவதைப் போலத் தடங்களை அடுக்கி எழுதுவது எஸ்.எம்.ஆர். முறை. ஓட்டுக்கூரையில் நடுவிலுள்ள ஓர் ஓட்டை மாற்ற அதன்மேல் ஏறியுள்ளவற்றையும் நகர்த்த வேண்டியிருப்பது போல, இம்முறையில் ஓரிடத்தைத் திருத்துவதற்கு அடுத்துள்ள தடங்களையும் மீண்டும் எழுத வேண்டியிருப்பதால், பழுதான தட்டுக்கு மாற்றாகப் புதியதைச் செருகி முழுத் தகவலையும் மீளெழுதும் நெருக்கடியான வேளையில் இவ்வகைத் தட்டு திணறி நிற்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், சேமிப்பகங்களுக்கென்றே விற்ற ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்களில் இம்முறையைப் பயன்படுத்தியிருந்ததை 2020 ஏப்ரலில்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது, பின்னர் சி.எம்.ஆர். தட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்ற தனிப்பெயர் வந்தது. மாடல் எண்ணைக் கொண்டு எழுதும் முறையை உறுதி செய்துகொள்ளாமல் எந்தத் தட்டுக்கும் பணம் கொடுக்கக் கூடாது என்பது இதனால் விளங்கும்.

மேசைக்கணினிக்கான மலிவுத் தட்டையும் சேமிப்பகத்துக்கான தட்டையும் பிரிப்பது வேகம் மட்டுமன்று. படிக்க முடியாத ஒரு பகுதியை எதிர்கொண்டால், மேசைக்கணினித் தட்டு நெடுநேரம் மீண்டும் மீண்டும் முயன்று மௌனமாகிவிட, சேமிப்பகம் அதை இறந்துவிட்டதாகக் கருதி விலக்கிவிடக்கூடும். சேமிப்பகத் தட்டோ ஏறத்தாழ 7 நொடிகளில் தன் இயலாமையை அறிவித்துவிட, இணைத்தட்டிலிருந்து அத்தகவல் மீட்கப்படுகிறது. உத்தரவாதக் காலம் சேமிப்பகத் தட்டுகளுக்குப் பொதுவாக 3 ஆண்டுகள், உயர்தர வகைகளுக்கு 5 ஆண்டுகள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, யு.பி.எஸ். இன்றிச் சேமிப்பகம் வைப்பது இவ்வூரில் தகாது. வன்தட்டு, வந்த தகவலை உடனே தட்டில் எழுதாமல் தன் சிறு நினைவகத்தில் சற்று நேரம் வைத்திருப்பதால், திடீர் மின்தடையில் அது அழிந்து கோப்பமைப்பே குலையக்கூடும். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்புவோர், அது தூய சைன் அலை மின்சாரம் தருவதா என்பதையும், அதிலுள்ள பொத்தான் யு.பி.எஸ். முறையில் வைக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். மின்விசிறிக்குப் போதுமான மாற்றுவேகம் கணினிக்குப் போதாது. சேமிப்பகத்தோடு யு.எஸ்.பி. கம்பியால் பேசி, மின்கலம் தீரும் முன் அதை முறையாக அணைத்துவைக்கும் தனி யு.பி.எஸ். மேலானது. ஓடும்போது சில வாட்டுகளே கேட்கும் 3.5 அங்குலத் தட்டு, சுழலத் தொடங்கும் கணத்தில் 25 வாட்டு வரை இழுக்கும் என்பதால் நான்கு தட்டுகளுக்கு அந்நொடியில் ஏறத்தாழ 100 வாட்டு தேவைப்படும்; யு.பி.எஸ்.ஸின் அளவை இதைக் கொண்டே கணிக்க வேண்டும்.

வாங்கும் இடம் திருப்பதியாயினும் சென்னை ரிச்சி தெருவாயினும் இணைய அங்காடியாயினும், தட்டின் வரிசை எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு, இந்தியாவில் உத்தரவாதம் உண்டா என்பதை உடனே பார்ப்பது கடமை. 2025-இன் தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய தட்டுகள் புதியவை போல விற்கப்பட்டது ஜெர்மனியில் வெளிப்பட்டது. ‘ஸ்மார்ட்’ பதிவில் ஓடிய நேரத்தைப் பூச்சியமாக்கியிருந்தபோதிலும், தட்டுக்குள்ளேயே உள்ள மற்றொரு பதிவு உண்மையைக் காட்டிக்கொடுத்தது. ஸ்மார்ட் என்பது தட்டு தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் குறிப்பேடு. அதில் மாற்றியமைக்கப்பட்ட பகுதிகள், தீர்வுக்குக் காத்திருக்கும் பகுதிகள், திருத்த முடியாத பிழைகள் ஆகிய எண்கள் பூச்சியத்திலிருந்து நகர்ந்து ஏறத் தொடங்கினால் தட்டை மாற்றும் வேளை வந்துவிட்டது. ஆனால் மேற்கூறிய கூகுள் ஆய்வில், பழுதான தட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலேயே நின்றுபோயின. குறிப்பேடு தூய்மையாக இருப்பது அச்சமின்மைக்குச் சான்றாகாது.

எனவே எத்துணை நல்ல தட்டானாலும் இரண்டாவது வேண்டும். இரு தட்டுகளில் ஒரே தகவலை ஒருசேர எழுதும் பிரதிபலிப்பு, ஒன்று நின்றாலும் சேமிப்பகத்தை ஓடவைக்கும். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்த ஒரே தொகுதியைச் சேர்ந்தவையாக இருந்தால் ஒரே குறையைப் பகிர்ந்திருக்கக்கூடும் என்பதால், வெவ்வேறு கடையிலோ வெவ்வேறு மாதத்திலோ வாங்குவது நன்று. எனினும் தவறுதலாக அழித்த கோப்பு இரு தட்டிலும் ஒரே கணத்தில் அழியும். இடி, வெள்ளம், திருட்டு ஆகியவை பெட்டியையே கொண்டுபோகும். திருமலைக் கோயிலின் கல்லாலான அறைக்குள் செப்பேடுகளாக அடைபட்டிருந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனங்கள் 1922-இல் வெளிப்பட்டபோது, மரபு கூறும் 32,000 பாடல்களில் பாதிக்கும் குறைவானவையே கிடைத்தன. நூற்றாண்டுகளைத் தாங்கும் செம்பில் பொறித்தவற்றுக்கே அந்நிலை என்றால், ஐந்தாறு ஆண்டு உழைப்பே எதிர்பார்க்கப்படும் வன்தட்டில் உள்ளவற்றுக்கு வேறோர் ஊரில் ஒரு நகல் இருந்தே ஆக வேண்டும். அந்த ஊர் சென்னையாக இருப்பது அவ்வளவாக உதவாது; ஒரே புயலும் ஒரே பெருமழையும் இரு இடங்களையும் தாக்கவல்லவை. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ உள்ள உறவினர் வீட்டில் மற்றொரு சிறு சேமிப்பகத்தை வைத்து, இரவுதோறும் இணையவழி மறையாக்கம் செய்து நகல் அனுப்பலாம். இணையம் மெதுவான இடத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வெளித்தட்டில் படியெடுத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்பலாம். கொடுத்தனுப்புமுன் அத்தட்டிலிருந்து ஒரு பழைய திருமண வீடியோவையும் ஒரு பாஸ்புத்தக நகலையும் வேறொரு கணினியில் திறந்து பார்த்துக்கொள்வது அவசியம். திறந்து பார்க்கப்படாத படி, படியாக இருக்கிறதா என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.