புஷ் செய்தால் '403' வருகிறதா?

ராஜபாளையம் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் என்று இந்த வட்டாரத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் ஏராளம். நாலு பேர் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்தால், கோடு கிட்ஹப்பில்தான் இருக்கும். ஒப்படைக்கும் நேரத்தில் புஷ் செய்தால் '403' என்று திரும்பி வரும். பதற்றத்தில் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்யாதீர்கள். புஷ் ஆகாத வேலை எல்லாம் அதோடு போய்விடும்.

அந்தப் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். இன்னாருக்கு அனுமதி இல்லை என்று ஒரு கணக்கின் பெயர் அதிலேயே இருக்கும். அது உங்கள் பெயர்தானா? பலர் பயன்படுத்தும் லேப் கணினியில், முன்பு உட்கார்ந்தவரின் லாகின் விண்டோஸில் தங்கியிருப்பதுண்டு. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, கிட்ஹப் பதிவை நீக்குங்கள். அடுத்த புஷ்ஷில் புதிதாக லாகின் கேட்கும். எழுந்து போகும்போது உங்களுடையதையும் நீக்கிவிடுங்கள். கிட் கான்ஃபிக்கில் பெயரையும் மின்னஞ்சலையும் மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. அது கமிட்டில் போடும் கையெழுத்து மட்டுமே. அனுமதியை அது தீர்மானிப்பதில்லை.

பெயர் உங்களுடையதே என்றால், ரெப்போ வைத்திருக்கும் நண்பர் உங்களை கொலாபரேட்டராகச் சேர்த்தாரா என்று கேளுங்கள். அழைப்பை 7 நாளுக்குள் ஏற்காவிட்டால் காலாவதியாகிவிடும்; மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும்.

பாஸ்வேர்டு போட்டும் நுழைய முடியவில்லையா? 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்கு கிட்ஹப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை, டோக்கன் வேண்டும். அதற்கும் காலக்கெடு இருக்கலாம். கிளாசிக் டோக்கன் என்றால் 'ரெப்போ' என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும்.

'ரெப்போ கிடைக்கவில்லை' என்று வந்தால் அது அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை. அனுமதி இல்லாதவருக்கு, பிரைவேட் ரெப்போ இருப்பதையே கிட்ஹப் காட்டாது. முகவரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா, எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று இரண்டையும் பாருங்கள். எஸ்.எஸ்.எச். வழியாகப் போகிறவர்களுக்கு 'பப்ளிக் கீ' என்று மறுப்பு வந்தால், அந்தக் கணினி காட்டிய சாவி எதையும் கிட்ஹப் ஏற்கவில்லை என்று பொருள்; அது உங்கள் கணக்கில் பதிவாகாமல் இருக்கலாம்.

அவசரத்துக்கு நண்பரின் டோக்கனை வாட்ஸ்அப் குழுவில் வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம். அது யார் கையில் இருந்தாலும் கிட்ஹப்புக்கு அவர்தான் கணக்கின் சொந்தக்காரர். உங்கள் டோக்கனை ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருந்தால், இன்றே செட்டிங்ஸில் போய் அந்த டோக்கனை ரத்து செய்யுங்கள்.