உங்களுக்குத் தெரியுமா? வார்டில் ஒருவர் கூடினால்…

ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரே ஒரு நோயாளி வந்தாலும் அவர் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன் குழு 2002-இல் வெளியிட்ட கணக்கு இது.

ஐ.சி.யு.தானே கஷ்டம் என்பார்கள். பதற்றம் அங்கே அதிகம்தான். ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி அங்கே படுக்கைக்கு ஒருவர். பொது வார்டிலோ ஐந்து பேருக்கு ஒருவர், அதுவும் காகிதத்தில். சம்பளம் கூட்டினால் தீராதா? நர்ஸுகள் போராடியதால், 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் மருத்துவமனைகளில் குறைந்தபட்சச் சம்பளத்தை ரூ.20,000 ஆக்கியது. நியாயமான உயர்வு. ஆனால் ஒரு டிரிப் பாட்டிலை மாற்றுவதற்குள் அடுத்த கட்டிலில் கூப்பிட்டால், போக இன்னோர் ஆள் வேண்டுமே!