ஆறு மணிக்கு வரும் விருந்தாளி

புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களிலே, விளக்கேற்றும் வேளையில், உங்கள் வளவின் மூலையிலிருந்து இரண்டு சுரத்தில் எழும் ஒரு சீழ்க்கை ஒலியைக் கேட்டதுண்டா? வேலிக்கு அப்பால் நின்று யாரோ ஒருவர் மற்றொருவரை அழைப்பது போலிருக்கும். மறுநாள் விடியற்காலையிலும் அதே ஒலி எழும். அதுதான் ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பாச்சிக்கு அக்குருவியே நாட்காட்டி. "ஆறுமணிக் குருவி வந்திட்டுது, இனி மாரிதான். கூரையை வேய்ஞ்சு முடியுங்கோ" என்பார். அவர் சொல்லிச் சில நாட்களுக்குள் மழை இறங்கிவிடும். அக்குருவி எங்கிருந்து வந்தது என்பதை அவர் அறியார், நாங்களும் கேட்டோமல்லோம். மாமரத்தடியிற் பிறந்து அங்கேயே வாழ்வது என்றே எண்ணியிருந்தோம்.

எங்கிருந்து வருகின்றன?

உண்மை வேறு. ஆறுமணிக் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது இமயமலை அடிவாரத்துக் காடுகளிலும், நடு இந்தியாவின் காடுகளிலுமாம். தென்மேற்குப் பருவமழை அங்கே பெய்யுங் காலத்திற் குஞ்சுகளை வளர்த்து, மழை ஓய்ந்ததும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றது. இலங்கைக்கு வந்து சேர்ந்தபின், சித்திரை வரையும் நம்மிடையே தங்கிப் பின்னர் வடக்கே மீள்கின்றது. பச்சை முதுகு, கண்ணை ஊடறுத்துச் செல்லும் கரும்பட்டை, சிறகில் நீலம், வாலடியில் இரத்தச் சிவப்பு, குட்டையான வால் — இத்தனை அழகையும் தாங்கிக்கொண்டு, உதிர்ந்த சருகைக் கிளறிப் புழுபூச்சி தேடித் திரியும்.

இது தனியே வரும் விருந்தாளியன்று. கண்ணிற் கறுப்புப் பட்டை கட்டிய கள்ளனைப் போல வேலிக்கதியாலின் நுனியில் அமர்ந்து கீச்சிடும் பழுப்புக் கீச்சான், சைபீரியா, மங்கோலியா, சீனா ஆகிய தேசங்களில் வளர்வது. வேலிக்குள் மறைந்திருந்து, "டக், டக்" என்று ஒலியெழுப்பும் சிறிய நாணற் கதிர்க்குருவியோ, பின்லாந்து தொடக்கம் மத்திய ஆசியா ஈறாகப் பரந்த நிலத்தின் புதர்களிற் பிறந்தது. வாலைப் பக்கவாட்டில் அசைத்து நடக்கும் கொடிக்கால் வாலாட்டி கிழக்காசியக் காடுகளிலிருந்து வருகின்றது. மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான் குருவிகளும் வடதிசையினின்று வந்தவையே.

இருளில் ஒரு பயணம்

இச்சிறு பறவைகளுட் பல இரவிலேயே பயணஞ் செய்கின்றன. இரவிற் காற்று குளிர்ந்தும் அமைதியாகவும் இருக்கும். வல்லூறு முதலிய பகைப்பறவைகளின் தொல்லையும் குறைவு. பகலில் இறங்கி இரைதேடலாம். புறப்படுமுன் நிறைய உண்டு, உடலிலே கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அதுவே வழிக்குக் கட்டுச்சோறு. சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றைத் துணையாகக்கொண்டு அவை திசையறிகின்றன என்று விஞ்ஞானிகள் நிறுவியுள்ளனர்.

கோடியக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஏறக்குறைய 65 கிலோமீற்றர் கடல் கிடக்கின்றது. நமக்கு அது சிறு தொலைவு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவைக்கு அவ்வாறன்று. வழியில் இறங்கி இளைப்பாற ஒரு கிளையும் இல்லை. ஆகையினாலேதான் ஐப்பசி நாட்களிற் களைத்துச் சோர்ந்த ஆறுமணிக் குருவிகள் வீட்டு விறாந்தைகளிலும் அறைகளிலும் வந்து விழக் காண்கின்றோம்.

ஒல்லாந்தில் நடந்த பரிசோதனை

1899இல் டென்மார்க்கைச் சேர்ந்த மோர்ட்டென்சன் என்னும் ஆசிரியர், ஸ்டார்லிங் குருவிகளின் காலில் எண் பொறித்த உலோக வளையம் இட்டுப் பறக்கவிட்டார். முறையான வளையமிடும் ஆராய்ச்சி அதிலிருந்தே தொடங்கியது எனலாம். இக்குருவி நம் மைனாவின் உறவினம்.

பின்னர் ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்த பெர்டெக் என்பவர் ஒரு விந்தையான பரிசோதனை செய்து, 1958இல் அதன் முடிவை வெளியிட்டார். குளிர்காலத்துக்காக மேற்கு நோக்கிச் செல்லும் வழியில் ஒல்லாந்திற் பிடிபட்ட 11,000க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் குருவிகளுக்கு வளையமிட்டு, விமானத்தில் ஏற்றிச் சுவிற்சர்லாந்திலே பறக்கவிட்டார். முன்னொருமுறை பயணஞ் செய்திருந்த முதிய பறவைகள், தாம் இடம் மாற்றப்பட்டதை உணர்ந்து திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான இடத்தை நாடின. அந்த ஆண்டிற் பிறந்த இளம் பறவைகளோ, பிறவியிலே அமைந்த திசையிலேயே நேரே பறந்து, தம் கூட்டத்தார் வழக்கமாகச் செல்லாத ஸ்பெயின் தேசம் வரையும் போய்ச் சேர்ந்தன.

அதனினும் வியப்பு யாதெனில், அவ்வாறு வழி தவறிய இளம் பறவைகள் பின்வந்த குளிர்காலங்களிலும் அந்தப் புதிய இடத்தையே நாடி வந்தன. முதற் பயணத்தில் எங்கே இரையும் மறைவும் கிடைத்தனவோ, அதுவே அவற்றுக்கு ஊராகிவிட்டது. நம் நாட்டுக்கு வரும் பழுப்புக் கீச்சானும் ஆண்டுதோறும் தான் முன்பு தங்கிய இடத்துக்கே மீளும் இயல்பினது.

ஓர் ஐப்பசி நினைவு

இதை வாசித்தபோது எனக்கு 1995ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, ஐப்பசி மாதத்திலே, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு வெளியேறினர். எங்கள் குடும்பமும் அவ்வாறே சென்றது. படலையைச் சாத்தும்போது ஆறுமணிக் குருவி கூவியது என்று அப்பாச்சி பின்னர் பலமுறை சொன்னார். எங்களில் வேறெவருக்கும் அது கேட்டதாக நினைவில்லை.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரை இல்லை, வேலி இல்லை, வளவெங்கும் பற்றை மண்டியிருந்தது. மாமரம் மாத்திரம் நின்றது. ஐப்பசியில் ஒரு மாலை, அதன் அடியிலிருந்து அந்தச் சீழ்க்கை எழுந்தது. அப்பாச்சி விளக்கை வைத்துவிட்டு, "நாங்களும் வந்திட்டம், நீயும் வந்திட்டாய்" என்றார். பழைய குருவிதானா என்று கூற அதன் காலில் வளையம் ஏதுமில்லை. ஆயினும் அவர் அதனை ஐயுறவில்லை.

நாம் செய்யக்கூடியவை

இன்று எங்கள் வளவில் மூன்று பக்கம் மதில். வேலியடைக்க ஆளும் ஓலையும் கிடையாத காலத்தில் அது தவிர்க்க முடியாததாயிற்று. நான்காம் பக்கத்துக் கிளுவை வேலியை மாத்திரம் விட்டு வைத்திருக்கின்றோம். மாமரத்தடிச் சருகையும் கூட்டி எரிப்பதில்லை. மரத்துக்குப் பசளையாகவும் குருவிக்கு இரைநிலமாகவும் அது கிடக்கின்றது. முற்றம் முழுவதும் சீமெந்து பூசி, இரவு முழுவதும் விளக்கெரித்தால், இருளிலே வழிதேடி வரும் பறவை எங்கே இறங்கும்?

மாணவர்கள் ஒரு கொப்பியை எடுத்து, புரட்டாதி முதல் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் கால்மணி நேரம் அமைதியாக அமர்ந்து, கண்ட பறவை, திகதி, நேரம், காற்றின் திசை, மழை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். முதற்குரல் கேட்ட நாளையும், சித்திரையில் இறுதியாகக் கேட்ட நாளையும் மறவாது எழுதுங்கள். பத்தாண்டுக் குறிப்பு ஒரு வீட்டிலே சேருமாயின், ஆராய்ச்சியாளருக்கும் அது பயன்படும்.

களைத்த பறவை ஒன்று வீட்டினுள் விழக் கண்டால், கூட்டில் அடைக்காதீர்கள். வாயில் நீரும் ஊற்றாதீர்கள். பூனையை அப்புறப்படுத்தி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியிலே வைத்து, இருண்ட அமைதியான இடத்தில் இளைப்பாற விடுங்கள். தேறியதும் மரத்தடிப் புதரருகே திறந்துவிடுங்கள். அது அவ்வாண்டிற் பிறந்த இளங்குருவியாயின், உங்கள் வளவே இனி அதன் ஊராகலாம்.

அப்பாச்சி இன்று இல்லை. ஐப்பசி பிறந்ததும் மாலையில் விறாந்தை விளக்கை அணைத்துவிட்டு, கொப்பியுடன் அமர்ந்திருக்கின்றோம். ஆறு மணியாகின்றது.