கப்பல் வந்தாச்சு… சரக்கு எங்கே? ‘சீசர் 3’ விளையாட்டின் துறைமுகக் கணக்கு

ஆற்றில் மூன்று கப்பல்கள் நிற்கின்றன. கிடங்கில் ஒரு ஜாடி ஒயின்கூட இல்லை. ஒயின் கிடைக்காத பணக்காரர் வீடுகள் ஒவ்வொன்றாகத் தரம் இறங்குகின்றன. வரி வருமானம் சரிகிறது, கஜானாவில் கடன் ஏறுகிறது. வணிக வழியைத் திறக்கப் பணமும் கட்டியாச்சு, கப்பலும் வந்தாச்சு. அப்புறம் ஏன் சரக்கு வரவில்லை?

‘சீசர் 3’ ஆடிய எல்லோரும் ஒருமுறையாவது கேட்ட கேள்வி இது. பலரும் கப்பலைத்தான் திட்டுவார்கள். ஆனால் தப்பு பெரும்பாலும் கப்பல் மேல் இல்லை, கரையில் இருக்கிறது.

என்ன விளையாட்டு இது?

இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, சியரா நிறுவனம் 1998-ல் வெளியிட்ட நகர நிர்மாண விளையாட்டு. நீங்கள் ரோமப் பேரரசின் ஒரு மாகாண ஆளுநர். வெறும் நிலத்தில் வீடு, தண்ணீர், சந்தை, கோயில் என்று நகரத்தை எழுப்ப வேண்டும். 5,000 டெனாரி வரைதான் கடன் வாங்கலாம். கடனில் தத்தளித்தால் சீசரின் அபிமானம் குறையும். ரொம்பவும் குறைந்தால் அவருடைய படையே உங்கள் நகரத்தின் மீது பாயும்.

அதனால் வணிகம் இங்கே கூடுதல் வசதி அல்ல, பிழைப்பு. பழைய விளையாட்டுதான் என்றாலும் ‘ஜூலியஸ்’, ‘அகஸ்டஸ்’ என்ற திறந்த மூல மென்பொருள்கள் இதை இன்றைய கணினிகளிலும் ஓட வைக்கின்றன. ‘ஜூலியஸ்’ பழைய விதிகளை அப்படியே காப்பாற்றுகிறது. ‘அகஸ்டஸ்’ பல விதிகளை மாற்றியிருக்கிறது. இங்கே சொல்லப்படுவது பழைய விதிகளைப் பற்றி.

கப்பல் எவ்வளவு கொண்டுவரும்?

ஒவ்வொரு ஊருடனும் ஒவ்வொரு பொருளுக்கும் வருடாந்திர உச்சவரம்பு உண்டு: 15, 25 அல்லது 40 சுமை. 40 என்று பார்த்ததும் 40-ம் வந்துவிடும் என்று நினைப்பது முதல் தப்பு. அது உச்சவரம்பு மட்டுமே, உத்தரவாதம் அல்ல.

ஒரு கப்பல் ஒரு வருகையில் உங்களுக்கு விற்பது அதிகபட்சம் 12 சுமை. உங்களிடம் வாங்குவதும் 12 சுமைதான். ஆக, 40 சுமை ஒயின் வேண்டுமென்றால் குறைந்தது 4 வருகை தேவை. ஒரு வருகை தாமதமானாலும் வருடக் கணக்கு உதைக்கும்.

சரக்கை இறக்குவது யார்?

நிலவழி வணிகர் தன் கழுதைகளோடு நேராகக் கிடங்குக்கே நடந்துபோய்விடுவார். அவருக்கு உங்கள் ஆட்கள் தேவையில்லை. கப்பல் அப்படி இல்லை. வரைபடத்தின் விளிம்பில் ஆறு நுழையும் இடத்தில் தோன்றி, காலியாக இருக்கும் துறையைத் தேடி வரும். துறையில் கட்டிய பிறகு சும்மா நிற்கும். மீதி வேலை முழுக்கத் துறை ஆட்களுடையது.

ஒரு துறைக்கு 12 பணியாளர்கள் வேண்டும். ஆள் பலம் சரியாக இருந்தால் மூன்று வண்டிக்காரர்கள் வெளியே வருவார்கள். ஆள் குறைந்தால் இரண்டு பேர், இன்னும் குறைந்தால் ஒருவர். ஒரு நடைக்கு ஒரு சுமைதான். அப்படியானால் 12 சுமையை இறக்க மூன்று பேருக்கு ஆளுக்கு 4 நடை. ஒரே ஆள் என்றால் 12 நடை!

கிடங்கு பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. நகரத்தின் மறுகோடியில் இருந்தால்? அந்த ஒற்றை வண்டிக்காரர் போய்த் திரும்பும்வரை கப்பல் துறையைவிட்டு நகராது. ஒரு துறையில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான் நிற்க முடியும் என்பதால், பின்னால் வருவதெல்லாம் ஆற்றிலேயே வரிசை கட்டும். ஆரம்பத்தில் பார்த்த அந்த மூன்று கப்பல்களின் கதை இதுதான்.

வேறு எங்கே இடிக்கும்?

ஆள்: நகரத்தில் வேலையில்லாதவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், துறைக்குப் பக்கத்தில் வீடுகள் இல்லையென்றால் அங்கே வேலைக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள். ஆற்றங்கரையில் தனியாகக் கட்டிய துறை வெறும் கட்டடம்தான்.

சாலை: துறையும் கிடங்கும் ஒரே சாலைத் தொடர்பில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் வண்டி போகாது.

கிடங்கு: ஒரு கிடங்கில் 8 அறைகள், அறைக்கு 4 சுமை, மொத்தம் 32. ஓர் அறையில் ஒரே வகைப் பொருள்தான் வைக்கலாம். எட்டு அறையிலும் ஆளுக்கொரு பொருள் ஒற்றைச் சுமையாகக் கிடந்தால், கிடங்கு பார்க்கக் காலியாகத் தெரியும். ஆனால் ஒன்பதாவது பொருளுக்கு இடம் இருக்காது. கப்பல் கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கிளம்பிவிடும்.

பாலம்: மலிவாக இருக்கிறதே என்று ஆற்றின் குறுக்கே தாழ்வான பாலத்தைப் போட்டால் கப்பல் அதைத் தாண்டாது. உயரமான கப்பல் பாலம்தான் போட வேண்டும்.

சாமி: கடல் தெய்வம் நெப்டியூனுக்குக் கோயிலும் விழாவும் குறைந்தால் கப்பல்கள் மூழ்கும். இது கரையோடு சம்பந்தமில்லாத காரணம்.

நிஜ ரோமிலும் இதே தலைவலி

இது விளையாட்டுக்காரர்களின் வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ரோம் நகரம் சாப்பிட்டதில் பெரும்பங்கு தானியம் எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தது. டைபர் முகத்துவாரத்தில் இருந்த ஓஸ்தியாவில் பெரிய கப்பல்கள் பத்திரமாக ஒதுங்க வசதியில்லை. சரக்கைச் சின்னப் படகுகளுக்கு மாற்றி, ஆற்றில் எதிர்நீரோட்டத்தில் இழுத்துப்போக வேண்டியிருந்தது. ஓஸ்தியாவில் கிடைத்த ஓவியம் ஒன்றில், சுமைதூக்கிகள் மூட்டையோடு பலகையில் ஏறிப் படகில் தானியம் கொட்டுவதை இன்றும் பார்க்கலாம்.

கி.பி. 51-ல் ரோமில் 15 நாளுக்கான தானியமே மிச்சம் இருந்ததாக வரலாற்றாசிரியர் டேசிட்டஸ் எழுதுகிறார். பேரரசர் கிளாடியஸைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு நெருக்கியது. ஓஸ்தியாவுக்கு வடக்கே புதிய துறைமுகம் கட்டும் வேலையை அவர் கி.பி. 42-லேயே தொடங்கியிருந்தார். ஆனால் அதுவும் போதவில்லை. கி.பி. 62-ல் துறைமுகத்துக்குள்ளேயே நின்ற சுமார் 200 கப்பல்கள் புயலில் அழிந்தன. ஆற்றில் மேலே கொண்டுபோன இன்னும் 100 கப்பல்கள் தீயில் போயின. பிறகு பேரரசர் டிராஜன் உள்ளே தள்ளி ஓர் அறுகோணத் துறைமுகத்தை வெட்டினார். கடலைக் கடந்து பத்திரமாக வந்த கப்பலுக்குக்கூட, கரை தயாராக இல்லையென்றால் ஆபத்து தீரவில்லை.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் நிற்கும் கப்பலை வலது க்ளிக் செய்து பாருங்கள். இதுவரை என்ன வாங்கியது, என்ன விற்றது என்று காட்டும். பிறகு துறையைப் பாருங்கள். ஆள் குறைவு என்றால் பக்கத்தில் வீடு கட்டுங்கள். துறைக்கு ஒட்டியே கிடங்கு வையுங்கள். அதில் இறக்குமதி, ஏற்றுமதிப் பொருள்களை மட்டும் அனுமதியுங்கள். ஏற்கெனவே ஒரு கப்பல் காத்திருக்கிறது என்றால், புதிய வணிக வழிக்குப் பணம் கட்டும் முன் இரண்டாவது துறையைக் கட்டுங்கள்.

முக்கியமாக, வரிசை நீளும்போது இன்னொரு ஊரோடு வணிகம் தொடங்காதீர்கள். அது வரிசையைத்தான் நீட்டும். ஆற்றில் எத்தனை கப்பல் நிற்கிறது என்பதைவிட, சாலையில் எத்தனை வண்டி ஓடுகிறது என்பதில்தான் நகரத்தின் பிழைப்பு இருக்கிறது.