மிச்சமாகும் கால்சியம் அட்டைகள்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. அந்த முத்திலும் சிப்பியிலும் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையிலும் இருப்பது அதுவே. இலவசமாகக் கிடைத்தும் பல வீடுகளில் அட்டை பிரிக்கப்படாமலே கிடக்கிறது.

எலும்புக்கு மட்டுமா?

எலும்புக்கான மாத்திரைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் அதிகம். ஆனால் கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, தாயின் உயிருக்கே ஆபத்தாவதைத் தடுப்பது இதன் முக்கிய நோக்கம். உணவில் கால்சியம் குறைந்த பெண்களுக்கு இது மிகவும் அவசியம்.

14-வது வாரம் முதல் பிரசவம் வரையிலும், அதன்பின் ஆறு மாதமும் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 500 மில்லிகிராம் என்கிறது மத்திய அரசின் 2014 வழிகாட்டுதல். பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 கர்ப்பிணிகளிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுப்பதில் தினம் 500 மில்லிகிராம் 1,500-க்குச் சளைக்கவில்லை. எனவே ஒரு வேளை தவறியதற்காக மொத்தமாக நிறுத்திவிடக் கூடாது.

விழுங்க முடியவில்லை

மாத்திரை பெரிது, தொண்டையில் நிற்கிறது, மலம் இறுகுகிறது. இவை சாக்குகள் அல்ல, உண்மையான தொந்தரவுகள். கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. கால்சியத்தைச் சாப்பாட்டோடும், இரும்பை இரண்டு மணி நேரம் கழித்தும் போட வேண்டும். இதை நிதானமாகச் சொல்ல ஒரு செவிலியருக்கு ஐந்து நிமிடம் போதும்; கூட்டமான நாளில் அதுகூடக் கிடைப்பதில்லை.

கல் வந்துவிடுமோ?

சிறுநீரகக் கல் பயத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்குக் கல் சற்று அதிகமாகவே வந்தது. ஏற்கெனவே கல் இருந்தவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தூத்துக்குடி உப்பளங்களில் இந்தப் பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. விடியுமுன்னே வேலைக்குப் போகும் பெண்கள், ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குறைந்தால், மாத்திரையே போடாதவருக்கும் கல் வரலாம்.

கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவை கால்சியம் நிறைந்தவை. ஆனாலும் கர்ப்பிணிக்கு அவை மாத்திரைக்கு மாற்றாகாது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல்லாமல் நிறுத்திவிடாமல் செவிலியரிடம் கேளுங்கள். உப்பள உரிமையாளர்கள் பாத்திக்கரையில் குடிநீரும் கழிப்பறையும் அமைத்துத் தர வேண்டும்.