மாற்று எங்கே?

எரிந்தது ஒரு கூடம். நின்று போனதோ ஓர் அரசின் அன்றாடம்!

2025 செப்டம்பர் 26 இரவு, தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசின் கணினி மையத்தில் தீப்பிடித்தது. லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்த நேரம். தீ எழுந்தது, 600க்கு மேற்பட்ட அரசுப் பணியமைப்புகள் நின்றன. அஞ்சல் சேவை முடங்கியது. கைப்பேசி அடையாளச் சீட்டு கண்ணை மூடியது. அரசு ஊழியர்களின் கோப்புகளைத் தாங்கிய ‘ஜி-டிரைவ்’ சேமிப்பகம், 858 டெராபைட், சாம்பலாயிற்று.

நகல் எங்கே? இல்லை! ஏன் இல்லை? அளவு மிகப் பெரிதாம்!

பெட்டகம் பெரிது, ஆகவே பூட்டுப் போடவில்லை என்பார் உண்டோ?

இதிலே வேதனை வேறொன்று உண்டு. 2022 அக்டோபர் 15இல் அதே நாட்டில், பாங்யோவில், தனியார் மையமொன்று தீப்பற்றியது. காக்காவோ டாக் செய்திச் சேவை முடங்கியது. ‘இரட்டை ஏற்பாடு எங்கே?’ என்று அரசு அதட்டிக் கேட்டது. நிறுவனத்தின் இணைத் தலைமை அதிகாரி பதவி விலகினார். சட்டமும் திருத்தப்பட்டது. மூன்றே ஆண்டுகள்! அன்று அரசு கேட்ட கேள்வி, அரசின் வாசலிலேயே வந்து நின்றது. காங்ஜுவில் மாற்று மையத்துக்குக் கட்டடம் எழுந்திருந்தது. ஆனால் அது பணியேற்கவில்லை.

‘இரண்டு சர்வர் வைத்திருக்கிறோம்’ என்று மார்தட்டுவோர் சற்றுக் கணக்குப் போடட்டும். இரண்டும் தத்தம் ஆற்றலில் நூற்றுக்கு 60 பங்கு சுமக்கின்றன. ஒன்று விழுந்தால் மற்றதன் தலையில் 120! அதுவும் விழும். மூன்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 40. ஒன்று சாய்ந்தாலும் மற்ற இரண்டும் 60 வீதம் தாங்கி நிற்கும். அதுவே மாற்று. ஆனால் மூன்றும் ஒரே அறையில், ஒரே மின்கம்பியில் நின்றால்? நம் கணக்குக்கு மூன்று. தீயின் கணக்குக்கு ஒன்று!

‘சும்மா நிற்கும் இயந்திரத்துக்குச் செலவா?’ என்பர் சிக்கனம் பேசுவோர். வெள்ளம் வராத ஆண்டில் ஏரியின் கலிங்கு வீண் என்று இடித்துவிடுவாரோ? சும்மா நிற்பது போல் தோன்றுவதுதான் ஊரைக் காக்கிறது.

கணினியை நம்பிக் கதவுகளை மூடும் அலுவலகங்கள் பெருகிவிட்டன. சம்பளமும் சான்றிதழும் அதற்குள்ளே. எனவே, எந்நாட்டு ஆட்சியாளராயினும், மக்கள் மூன்று கேள்வி கேட்கட்டும்: மாற்று எங்கே இருக்கிறது? எத்தனை மைல் தொலைவில்? கடைசியாக என்றைக்கு அதை ஓட்டிப் பார்த்தீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், முதல் இரண்டு விடைகளும் வெறும் காகிதம்!